அக்காவைக் கூப்பிடுங்கள்

சில மாதங்களாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டு வந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். இதில் என் தவறும் இருப்பதால்தான் இத்தனை நாள் கை வரவில்லை. பிள்ளைகளின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் குடும்பம்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். இரவு வீட்டில் அமர்ந்து திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் ஏட்டில், “எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை” என்றிருந்தது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அவளுக்கு ஏழு வயதில் ஒரு தம்பி உண்டு என்பது எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில், அவளுடைய வகுப்பிலிருந்து மூன்றாவது அறையில் இருப்பவன் அவன். அவனுக்கு ஆட்டிசம். (மதியிறுக்கம் என்றும் தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அச்சொல்லில் உடன்பாடில்லை. அவனுடைய மதி இறுகியிருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.)

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அவள் ஏன் அப்படி எழுதினாள் என்று யோசித்தபோது என் முகமே என் முன் வந்து நின்றது.

இரண்டு ஆண்டுகளாக எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. தம்பி அழத் தொடங்கிவிட்டால், காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டால், உதவியாளர் என் வகுப்பு வாசலுக்கு வருவார். “டீச்சர், அக்காவைக் கொஞ்சம் அனுப்புங்களேன்” என்பார். நானும் அனுப்பிவைப்பேன். கணிதப் பாடமானாலும் சரி, சோதனைக்கு முந்திய நாளானாலும் சரி. அவள் எழுந்து போகும்போது வகுப்பே திரும்பிப் பார்க்கும். பின் வரிசைப் பையன் ஒருவன் தம்பியைப் போலக் கைகளை உதறிக் காட்டுவான். நான் அவனைக் கண்டிப்பேன். அத்தோடு என் கடமை முடிந்தது என்று எண்ணிக்கொள்வேன். ஒருமுறை பள்ளிச் சபைகூடலில் ‘பொறுப்புள்ள அக்காள்’ என்று அவளைப் பாராட்டியும் பேசினேன். அன்று அவள் தலையைக் குனிந்துகொண்டதை அடக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் ஓய்வு நேரத்தில் நூல்நிலையத்தில் அவளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டேன். நான் வாய் திறப்பதற்குள், “டீச்சர், கட்டுரைக்குப் புள்ளியைக் குறைத்துவிட்டீர்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். சற்று நேரம் கழித்து, தம்பி குழந்தையாக இருந்தபோது ஸ்பிரிங் தொட்டிலைத் தான் வேகமாக இழுத்து ஆட்டியதாகவும், அவன் அலறியதாகவும், அதற்குப் பிறகுதான் அவன் பேசவில்லை என்றும் சொன்னாள். அப்போது அவளுக்கு வயது நான்கு. ஆறு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

நண்பர்களே, நாம் பிள்ளைகளிடம் “பொறுத்துக்கொள், விட்டுக்கொடு, நீ பெரியவள்” என்கிறோம். எதைப் பொறுத்துக்கொள்வது, அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. நாம் சொல்லாமல் விட்ட இடத்தில் பிள்ளை தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் அந்தக் காரணத்தில் குற்றவாளி அதுவாகவே இருக்கும்.

இது சிறுவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கேனர் என்னும் மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனியோர் நிலையாக மருத்துவ உலகில் பரவலாக அறியப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்று படித்தவர்களே பேசினார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமே இத்தகைய மகனைப் பெற்றவர், 1964இல் ஒரு நூல் எழுதி அதனை மறுத்தார். வளர்ந்த தாய்மார்களே ஒரு தலைமுறைக்காலம் தங்களை நொந்துகொண்டிருந்தார்கள் என்றால், நான்கு வயதுச் சிறுமி தொட்டிலை நினைத்துக் குமைந்ததில் வியப்பென்ன?

அவளிடம் சொன்னேன்: “தொட்டிலால் வரவில்லை, அம்மா. தம்பியின் மூளை வளர்ந்த விதம் வேறு. அவன் பிறப்பதற்கு முன்பே அது தொடங்கிவிட்டது. உனக்குச் சாதாரணமாகக் கேட்கும் மணியோசை அவனுக்குத் தலைக்குள் இடிப்பது போல இருக்கலாம். அவன் உன்னைப் பார்க்காமல் இருந்தால் உன்னைப் பிடிக்கவில்லை என்று பொருளில்லை.” அவள் இரண்டு கேள்விகள் கேட்டாள். இது எனக்கும் ஒட்டிக்கொள்ளுமா? அவன் பெரியவனானதும் யார் பார்த்துக்கொள்வார்கள்? முதல் கேள்விக்கு உடனே பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. “அது பெரியவர்கள் யோசிக்கவேண்டிய கணக்கு, உன்னுடையதன்று” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே சாலாக் செலாத்தானில் உள்ள அவர்களின் அடுக்குமாடி வீட்டிற்குச் சென்றேன். தந்தைக்குக் கிள்ளான் துறைமுகத்தில் முறைமாற்று வேலை. தாயார் மிலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, “அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன், டீச்சர். கேட்டதே இல்லையே” என்று கண் கலங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? மேசைமேல் மகனின் கோப்பு இருந்தது. மருத்துவமனைக் கடிதம், சமூகநல இலாகாவின் மாற்றுத் திறனாளி அட்டை, பயிற்சி நேர அட்டவணை. நம் நாட்டில் அந்த அட்டையில் ஆட்டிசம் ‘கற்றல் சிக்கல்’ என்னும் பிரிவில் அடங்கும். தம்பிக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. அக்காளுக்கென்று ஒரு தாள்கூட இல்லை.

இந்தக் குறையை அமெரிக்காவின் சியாட்டல் நகரில் டான் மேயர் என்பவர் முன்பே கண்டிருக்கிறார். அவர் ‘சிப்ஷாப்’ என்னும் சந்திப்புகளைத் தொடங்கினார். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் அண்ணன் தம்பி அக்காள் தங்கைகள் மட்டும் கூடி விளையாடிப் பேசும் இடம் அது. அங்கே ஒரு சிறுவன் “என் தம்பி என் வீட்டுப்பாடத்தைக் கிழித்துவிட்டான்” என்றால் மற்றவர்கள் அதிர்ச்சியடைவதில்லை. எனக்கும் அப்படித்தான் என்று சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பை நானோ தாயாரோ அவளுக்குத் தர முடியாது. நம்மிடம் 1980களிலேயே பெற்றோர்கள் முயன்று உருவாக்கிய ‘நாசோம்’ என்னும் தேசிய ஆட்டிசம் சங்கம் இருக்கிறது. அதுபோன்ற இடங்களில் தம்பியின் பயிற்சிக்குக் காத்திருக்கும் வேளையில் அக்காள்மார் நால்வர் ஓரிடத்தில் அமர்ந்து பேசினாலே பாதி வேலை முடியும்.

இனி விளையாட்டுக்கு வருகிறேன். “அவனோடு விளையாடு” என்று தாயார் சொல்லும்போதெல்லாம் மகள் முயன்றிருக்கிறாள். பந்தை நீட்டுவாள், அவன் வாங்கமாட்டான். பல்லாங்குழி வைப்பாள், சோழிகளை வரிசையாக அடுக்கிவிட்டு எழுந்து போய்விடுவான். ஐந்தாறு முறை இப்படி ஆனபின் எந்தப் பிள்ளைதான் மீண்டும் போகும்? அவளிடம் அன்பு குறைவாக இல்லை, வழிதான் தெரியவில்லை. சாண்ட்ரா ஹாரிஸ் என்ற உளவியலாளர் ஆட்டிசமுள்ளோரின் உடன்பிறந்தவர்களைப் பற்றி 1994இல் எழுதிய நூல் இந்த இடத்தில்தான் கைகொடுத்தது. உடன்பிறந்தவருக்கும் எளிய விளையாட்டு முறைகளைக் கற்றுத்தரலாம் என்கிறார் அவர். குறைந்த சொற்களில் தெளிவாகச் சொல்வது, தேவையானால் கையைப் பிடித்துக் காட்டுவது, செய்தவுடனே பாராட்டுவது. இவ்வளவுதான்.

எங்கள் அனுபவத்தில் இன்னும் இரண்டு சேர்ந்தன. ஒன்று, விளையாட்டை அவனுடைய விருப்பத்திலிருந்து தொடங்குவது. அவனுக்கு ரயில் நிலையங்கள் என்றால் உயிர். எங்கள் வட்டாரத்தில் வாழ்வோருக்குத் தெரியும், சாலாக் செலாத்தான் என்ற பெயரில் எல்.ஆர்.டி. நிலையம் ஒன்று, கே.டி.எம். நிலையம் வேறொன்று. அவள் அவன் எதிரே தரையில் அமர்ந்து, “சான் சௌ லின்” என்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். காத்திருப்பதுதான் இரண்டாவது. மனத்திற்குள் பத்துவரை எண்ணச் சொல்லியிருந்தேன். நாம் கேட்ட மறுகணமே திரும்பக் கேட்டுவிடுகிறோம். அவனோ முதல் கேள்விக்கே இன்னும் பதில் தேடிக்கொண்டிருப்பான். ஏழு எண்ணும்போது, சுவரைப் பார்த்தபடியே, “செராஸ்” என்றான். அவள், “சாலாக் செலாத்தான்.” அவன், “பண்டார் துன் ரசாக்.” தாயார் சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் நிறுத்திவிடச் சொன்னேன். அவன் சலித்துப் போவதற்கு முன் முடிந்தால்தான் நாளையும் வருவான். இரண்டாவது வாரத்தில் அவளே ஒரு குறும்பைக் கண்டுபிடித்தாள். “சாலாக் செலாத்தான், கே.டி.எம்.” என்றாள். அந்தப் பாதையில் அடுத்தது பண்டார் தாசேக் செலாத்தான். அவன் அதைச் சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தானாம். அக்காளுக்காகச் சிரித்த முதல் சிரிப்பு அது என்று தாயார் எனக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்.

இவர்களுக்கு உறவே தேவையில்லை, தனியே இருந்தால் போதும் என்று சொல்பவர்களுக்கு டொனால்ட் டிரிப்ளெட்டின் கதையைச் சொல்வேன். கேனரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் வரும் முதல் குழந்தை அவர்தாம். மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, வங்கியில் வேலை பார்த்து, 2023இல் தமது 89ஆம் வயதில் காலமானார். பள்ளி நாளில் கட்டடத்தின் செங்கற்களை ஒரே பார்வையில் எண்ணிச் சொன்னார் என்று ஊரே அவரைக் கணித மேதையாகக் கொண்டாடியது. பல்லாண்டு கழித்துப் பத்திரிகையாளர் இருவர் கேட்டபோது, அந்த எண்ணைத் தாம் இட்டுக்கட்டியதாக ஒப்புக்கொண்டார். அந்தப் பையன்கள் தம்மை நல்லபடியாக நினைக்கவேண்டும் என்றுதான் அப்படிச் செய்தாராம். இதைச் சொன்னபோது என் மாணவி வெகுநேரம் பேசவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அக்காளைத் தம்பியின் குட்டி ஆசிரியையாக்கிவிட்டால் பழைய தவறே புதிய உடையில் வந்துவிடும். அதனால் வீட்டில் சில ஏற்பாடுகள் செய்தார்கள். அவளுடைய பொருள்களுக்குப் பூட்டுப் போட்ட இழுப்பறை ஒன்று. தந்தைக்கு ஓய்வு கிடைக்கும் சனிக்கிழமைகளில் அவளை மட்டும் பிரிக்பீல்ட்ஸுக்கு அழைத்துப் போய்த் தோசை வாங்கித் தருவது. அவன் கட்டுமீறி அலறும்போது அவளுடைய வேலை ஒன்றே ஒன்று: விலகிச் சென்று பெரியவரைக் கூப்பிடுவது. “எனக்குத் தம்பியைப் பிடிக்கவில்லை” என்று அவள் சொன்னால் யாரும் திட்டக்கூடாது என்பதையும் சேர்க்கச் சொன்னேன். பாட்டிக்கு மட்டும் இது இன்னும் ஏற்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். தீபாவளியன்று கிள்ளானில் மாமா வீட்டில் பட்டாசுச் சத்தம் தாங்காமல் அவன் துடித்ததில், எல்லாரும் சாப்பிடாமலே கிளம்பவேண்டியதாயிற்று. புதுப் பாவாடையோடு அவள் காரில் அழுதுகொண்டே வந்தாளாம். இப்போது விருந்துகளுக்குப் பெற்றோர் முன்கூட்டியே பேசிவைக்கிறார்கள். தேவைப்பட்டால் ஒருவர் அவனோடு புறப்படுவார், மற்றவர் அவளோடு இறுதிவரை இருப்பார்.

பள்ளியில் அக்காளை வகுப்பிலிருந்து அழைக்கும் வழக்கத்தை நிறுத்தினோம். அவனுக்கு ஓசை குறைந்த ஒரு மூலையும், அடுத்து என்ன நடக்கும் என்று காட்டும் பட அட்டைகளும் அமைத்தோம். இதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம். அக்காளை அனுப்புவது எங்களுக்கு எளிதாக இருந்தது, அதனால் செய்யவில்லை.

சென்ற வாரம் புதிதாக வந்த உதவியாளர் ஒருவர், வழக்கம் தெரியாமல் என் வகுப்பு வாசலில் வந்து நின்று அவளைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவளே எழுந்து, “எனக்குக் கணிதச் சோதனை இருக்கிறது, டீச்சர். நீங்கள் போய்ப் பாருங்களேன்” என்றாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வகுப்பு ஆசிரியரை நிறுத்திவிட்டுப் போனேன். மூலையில் அமர்ந்திருந்த அவன் எதிரே நானும் தரையில் அமர்ந்து, “சாலாக் செலாத்தான்” என்றேன். பத்துவரை எண்ணினேன். இருபதுவரை எண்ணினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மதியம் அவளிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். “எல்.ஆர்.டி.யா, கே.டி.எம்.மா என்று சொன்னீர்களா, டீச்சர்?”