சிட்னியில் ஒரு ஜோடி வாத்துக்கால்

சிட்னிக்குப் போகிறவர்கள் ஓபரா ஹவுஸ் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். ஆனால் இந்தத் தடவை மகன் வீட்டில் தங்கியிருந்த இரண்டு மாதத்தில் மனசில் நின்றது ஒரு கடையும், ஒரு சின்ன விரிகுடாவும்தான்.

மகனுக்கு அங்கே போனதிலிருந்து ஒரு புதுப் பைத்தியம். மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள் போய் ஈட்டியால் மீன் குத்துவது. ஸ்பியர் ஃபிஷிங் என்கிறார்கள். அவர்கள் இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இதற்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். முதுகில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு மீனைக் குத்தக் கூடாது, சொந்த மூச்சுதான்.

“மீனுக்கும் ஒரு சான்ஸ் கொடுக்கணும்லம்மா” என்றான்.

மீனைப் பற்றி யார் கேட்டது? நான் தூத்துக்குடிக்காரி. சங்கு குளிக்கப் போனவர்களின் கதை கேட்டே வளர்ந்தவள்.

ஒரு சனிக்கிழமை, புது ஃபின்ஸ் வாங்கப் போகிறேன் என்று கிளம்பினான். ஃபின்ஸ் என்றால் காலில் மாட்டிக்கொள்ளும் வாத்துக்கால். “நானும் வர்றேன்டா” என்று செருப்பை மாட்டிக்கொண்டேன்.

கடையில் ஒரு சுவர் முழுக்க வாத்துக்கால்தான். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் போடுகிற குட்டை ரகம் இல்லை. நிறுத்தி வைத்தால் என் இடுப்புக்கு வந்தது. மகனின் கண் நேராகப் போனது கார்பன் ஃபைபர் ஜோடிக்கு. கறுப்பாக, பளபளவென்று, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் ஜோடியைப்போல நாலு மடங்கு விலையில்.

கடைக்காரருக்கு என் வயதிருக்கும். அவர் விலையும் சொல்லவில்லை, சைஸும் கேட்கவில்லை. முதலில் கேட்டது, “யாரோடு டைவ் பண்றே?”

மகன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாக, “பெரும்பாலும் தனியாத்தான்” என்றான்.

எனக்குக் கை கால் ஆடிப்போய்விட்டது. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் நடத்தியவள் நான். பாயில் விதியைப் போர்டில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. நுரையீரல் பாதியாகச் சுருங்கும். அந்த அழுத்தத்தால், இருக்கிற கொஞ்ச ஆக்ஸிஜனும் போதும்போல உடம்புக்குத் தோன்றும். மேலே வர வர அழுத்தம் குறையும். கடைசிச் சில மீட்டரில், சில நேரம் தலை வெளியே வந்த பிறகும்கூட, சட்டென்று மயக்கம் வந்துவிடும். மூச்சு முட்டி எச்சரிக்கை கொடுக்கும் என்று நம்ப முடியாது. பக்கத்தில் ஆள் இருந்தால் முகத்தைத் தண்ணீருக்கு மேலே பிடித்துவிடலாம். இல்லாவிட்டால், எழுதவே கை வரவில்லை.

ஃபின்ஸ் தேர்வும் இதே கணக்குதான் என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. தொடைத் தசை பெரிய தசை, ஆக்ஸிஜனை ஏராளமாகச் சாப்பிடும். தகடு விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு உதைக்கும் மூச்சு செலவு. மகனின் பழைய ஜோடி அப்படித்தான். விறைப்பாக இருந்தால் வேகம் என்று யாரோ சொன்னதை நம்பி வாங்கியது. அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம். அதையும் அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னான்.

“மெலிசான ஆள் நீ. மெதுவான தகடு எடு” என்றார் அவர். கார்பன் லேசானது, நன்றாகத் துள்ளும், உண்மைதான். ஆனால் பாறையில் ஏறி இறங்குகிறவன் ஒரு இடி இடித்தால் விரிசல் விட்டுவிடும். பிளாஸ்டிக் கொஞ்சம் கனம், அடி தாங்கும். நடுவில் ஃபைபர் கிளாஸ். பழகுகிற காலத்துக்குப் பிளாஸ்டிக் போதும் என்று, தன் வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொண்டார் அந்த மனுஷன்.

தகட்டைவிட நேரம் எடுத்தது, பாதம் நுழையும் ரப்பர் பைதான். கடலில் போடுகிற தடித்த சாக்ஸோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். விரல் மடங்கக் கூடாது, குதிகால் தூக்கக் கூடாது. எங்கள் குடும்பப் பாதம் அகலம். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த பாதம். ஒரு கம்பெனி ஜோடி சுண்டுவிரலைக் கடித்தது. இன்னொன்று லொடலொடத்தது. நாலாவதோ ஐந்தாவதோ சரியாக உட்கார்ந்தது. தீபாவளிக்கு ஷூ வாங்கக்கூட அவனோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் காலை கோர்டன்ஸ் பேக்குப் போனோம். குளோவெல்லிக்கும் கூஜிக்கும் நடுவே ஒளிந்திருக்கிற சின்ன விரிகுடா அது. கரையில் படகுகளை வரிசையாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். கடலுக்கடியில் கான்கிரீட் நிரப்பிய டிரம்களைச் சங்கிலியால் கோத்து, சுமார் 600 மீட்டருக்கு ஒரு பாதையே போட்டிருக்கிறார்கள். டைவ் பண்ணுகிறவர்கள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வரலாம்.

ஈட்டியை வீட்டிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். கூட வந்தது மருமகளின் தம்பி. அங்கேயே படிக்கிற பிள்ளை. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் முத்துக் குளிப்பவர் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார். மேலே படகில் கயிறு பிடிப்பது மனைவியின் உடன்பிறந்தவன் என்பார்கள். அக்கா தாலிக்கு அவனைவிடக் காவல் யார்? இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, “அத்தானுக்கு நான்தான் கயிறு” என்றான்.

ஒருவன் இறங்கும்போது மற்றவன் மேலே இருந்து பார்க்க வேண்டும். வந்த பிறகும் அரை நிமிஷம் கண்ணை எடுக்கக் கூடாது. நான் பாறையில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் முதலில் தெரிந்தது அந்த மஞ்சள் தகடுதான், பிறகுதான் தலை.

ஒரு முறை நீல நிறத்தில் பெரிதாக ஏதோ அவனைத் தொடர்ந்து வந்தது. சுறா என்று எழுந்தே விட்டேன். புளூ குரோப்பர் என்ற மீனாம். மனிதரைக் கண்டு பயப்படாமல் பக்கத்தில் வருமாம். 1969-லிருந்தே அதை ஈட்டியால் குத்தத் தடை; 1998-ல் அந்த மாநிலத்தின் சின்ன மீனாகவும் அறிவித்தார்கள். பிறக்கும்போது எல்லாமே பெண்ணாம். பெரிதானதும் சில ஆணாக மாறி நீலமாகிவிடுமாம். வகுப்பில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் நம்பியிருக்க மாட்டார்கள்.

பத்து மணிக்குக் கரையேறினான். “கால் வலிக்கலம்மா” என்றான். குதிகாலில் தேய்ந்த தழும்பு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். இல்லை.

நான் ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போட்டோ ஒன்று அனுப்பியிருந்தான். பால்கனிக் கம்பியில் இரண்டு ஜோடி வாத்துக்கால் காய்கிறது. இரண்டாவது, அதே மாடலில் ஒரு சைஸ் பெரியது.