பாட்டி முகத்தில் ஓடிய கறுப்புப் பட்டைகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்களில் எங்கள் சொந்தத்தில் பாதி. 1956 நவம்பர் 1 போட்ட கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் மீதி. கல்யாண வீடியோ என்றால் களியக்காவிளை தாண்டி எல்லா வீட்டிலும் ஓடும். மயினி அனுப்பியதில், முந்தின நாள் ராத்திரி தேங்காய் துருவும் பாட்டியின் முகத்தில் கறுப்புப் பட்டைகள் மேலேறிக்கொண்டே இருந்தன. அந்த முகத்தை அப்படியே விட மனசு வரவில்லை.

நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். போன் எடுத்ததோ நொடிக்கு 30 ஃபிரேம். 100-ஐ 30 சரியாக வகுக்காதே! அதனால் பட்டை ஒவ்வொரு ஃபிரேமிலும் இடம் மாறுகிறது.

இதைச் சரிசெய்ய, டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் கட்டணப் பதிப்பில் டீஃபிளிக்கர் இருக்கிறது. 'ஃப்ளூரோ லைட்' தெரிவு இதற்கென்றே. பிரீமியர் வைத்திருப்பவர்களுக்கு 'ஃபிளிக்கர் ஃப்ரீ' பிளகின். இரண்டும் முன்பின் ஃபிரேம்களை ஒப்பிட்டு வெளிச்சத்தைச் சமன் செய்யும். இலவச எஃப்எஃப்எம்பெக்கின் டீஃபிளிக்கர் ஃபிரேமின் மொத்த வெளிச்சத்தை மட்டுமே பார்க்கும், பட்டை போகாது.

கவனம் வேண்டியது அசைவில். சமன் செய்யும் அளவைக் கூட்டினால் முகம் தெளியும், துருவும் கை புகைபோல் இழுபடும். வீடியோவில் அந்தத் துண்டை மட்டும் தனியே வெட்டி, அளவைக் குறைத்தேன். லேசான துடிப்பு மிச்சமிருக்கிறது. பாட்டியின் கைவேகம்தான் எனக்கு முக்கியம்.

இனி ராத்திரி எடுக்கும் தம்பிமாரே, 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 வையுங்கள். பிளகினே தேவைப்படாது.