மாக்கம்பாளையம் போகிற கேன்

சத்தியமங்கலத்தில் இருந்து கடம்பூர் மலைக்குக் கிளம்பும் ஜீப்பில் ஆட்களை எண்ணத் தொடங்கினால் பாதியில் கணக்கு தப்பிவிடும். ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் பாட்டி, விடுமுறைக்கு ஊர் திரும்பும் விடுதிப் பிள்ளைகள், சந்தைக்கு வந்த பெண்கள். அவர்களுக்கு நடுவே அரிசி மூட்டை, விதை மூட்டை, புதுப் பாத்திரம். இத்தனைக்கும் கீழே, யாரோ ஒருவருடைய காலுக்கு அடியில் ஒரு கேன் இருக்கும். அதில் டீசலோ பெட்ரோலோ இருக்கும்.

மலையில் ராகி, மக்காச்சோளம், மரவள்ளி போடுகிறவர்களுக்கு அந்தக் கேன் இல்லாமல் வேலை ஓடாது. பவர் டில்லர், தண்ணீர் இறைக்கும் இன்ஜின், மருந்து தெளிக்கும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் எரிபொருள் வேண்டும். காட்டுக்குள் பங்க் கிடையாது. கீழே பிடித்து மேலே கொண்டுபோக வேண்டும். அதிலும் கடம்பூரைத் தாண்டி, புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருக்கும் மாக்கம்பாளையம் வரை போகிற கேன் படும் பாடு, தார்ச்சாலையில் போகிற கேனுக்குத் தெரியாது. கேன் வாங்கும்போது பெரும்பாலானவர்கள் விலையைப் பார்க்கிறார்கள். அது போகப் போகிற வழியைப் பார்ப்பதில்லை.

முதல் பாடம் பங்கிலேயே தொடங்குகிறது. பாட்டிலை நீட்டினால் பெட்ரோல் தர ஊழியர்கள் மறுப்பதுண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. 1934-ம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்காக அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அது இறுக மூடிய கண்ணாடி, பீங்கான் அல்லது உலோகக் கலனில் இருக்க வேண்டும். கண்ணாடி, பீங்கான் என்றால் 1 லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இல்லை. எனவே, பெட்ரோலுக்கு இரும்பு கேன்தான் சரி. டீசல் அவ்வளவு சீக்கிரம் தீப்பிடிக்காது என்பதால் அதற்குச் சட்டத்தில் வரம்பு தளர்வு. கனமான, நல்ல மூடி உள்ள எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் கேன் டீசலுக்குப் போதும். கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது எச்.டி.பி.இ.

கேனை ஜீப்பில் வைத்தபடியே பெட்ரோல் பிடிப்பது ஆபத்து. ரப்பர் விரிப்பின் மேலோ பிளாஸ்டிக் தரையின் மேலோ இருக்கும் கேனில் பெட்ரோல் விழும்போது நிலை மின்சாரம் சேரும். அது வெளியேற வழியில்லாமல் ஒரு சிறு பொறியாகத் தெறித்தால், அங்கே நிற்கும் பெட்ரோல் ஆவிக்கு அது போதும். கேனை இறக்கித் தரையில் வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டபடி மெதுவாக நிரப்ப வேண்டும்.

கே.என்.பாளையம் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் கேனின் மூடிக்குச் சோதனை வருகிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உள்ளே இருக்கும் எண்ணெய் ஒரு பக்கமாக ஓடி மூடியில் மோதும். ஜீப் ஓட்டுநர்களிடம் கேட்டால், அடிப்பகுதி ஓட்டையாகிக் கசிந்த கேனை விட மூடி வழியாகக் கசிந்த கேன்தான் அதிகம் என்பார்கள்.

"ஏனுங்கண்ணா, எண்ணெய் வந்த கேனுதான். நல்லாத்தான இருக்குது, இது தாங்காதுங்களா?" என்று கேட்கிறார் மலை விவசாயி ஒருவர்.

"கேனு தாங்குமுங்க. மூடி தாங்காதுங்க. சமையல் எண்ணெய்க்குப் போட்ட மூடி அது. நாலு வளைவு திரும்பறதுக்குள்ள ராகி மூட்டையெல்லாம் டீசல் வாசம் வந்துருமுங்க" என்கிறார் ஓட்டுநர்.

மூடிக்குள் இருக்கும் வாஷர்தான் கசிவைத் தடுக்கிறது. அது தொலைந்துபோனால் பலரும் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டுக்கொள்கிறார்கள். டியூப் ரப்பர் பெட்ரோலிலும் டீசலிலும் ஊறி உப்பிவிடும். நாலு நாள் இறுக்கமாக இருப்பதுபோல் தெரியும், பிறகு பிதுங்கி வழிவிடும். எண்ணெய்க்குத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் வாஷரை உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்க வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் இன்னும் வேகமாகக் கெடும்.

மேலே போகப் போக இன்னொன்றும் நடக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெயிலில் எண்ணெயும் விரியும். 20 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லி பெருகும். கழுத்து வரை நிரப்பிய கேனில் அதற்கு இடம் ஏது? கேன் உப்பும், மூடி வழியாக வழியும். 20 லிட்டர் கேனில் 19 லிட்டரோடு நிறுத்திக்கொள்வது கஞ்சத்தனம் அல்ல. அந்த ஒரு லிட்டர் இடம்தான் மீதி 19 லிட்டரைக் காப்பாற்றுகிறது.

கடம்பூருக்கு அப்பால் பாதை கல்லும் மேடும் பள்ளமுமாக மாறுகிறது. இங்கே கேனின் உடம்புக்கும் ஒட்டுக்கும் சோதனை. மெல்லிய தகர டின் ஒரு கல்லில் மோதினால் அதன் ஓரத் தையல் விட்டுவிடும். இந்தப் பாடத்தை ஒரு காலத்தில் ஒரு பெரிய ராணுவமே படித்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சண்டையிட்ட பிரிட்டிஷ் படை, பெட்ரோலை 4 காலன், அதாவது 18 லிட்டர் பிடிக்கும் மெல்லிய தகர டின்களில் கொண்டுபோனது. லாரியில் குலுங்கிக் குலுங்கி டின்கள் பிளந்தன. போர்முனைக்குப் போக வேண்டிய பெட்ரோலில் பெரும்பங்கு மணலில் ஒழுகிப்போனது. எதிரே இருந்த ஜெர்மானியரிடமோ 1937-ல் உருவாக்கப்பட்ட 20 லிட்டர் இரும்பு கேன் இருந்தது. பிரிட்டிஷ் வீரர்கள் அதைக் கைப்பற்றி விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஜெர்மானியரை அவர்கள் கிண்டலாக 'ஜெர்ரி' என்று அழைத்ததால், கேனுக்கும் ஜெர்ரி கேன் என்று பெயர் வந்தது. பிறகு நேச நாடுகளே அதைப் பார்த்து அதேபோல் செய்துகொண்டன.

அந்தக் கேனின் ஒவ்வொரு அங்கத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டு பாதிகளாக அழுத்தி எடுத்த தகடுகளை வெல்டிங்கில் இணைத்திருப்பார்கள். அந்த ஒட்டு வெளியே துருத்தாமல் உள்வாங்கி இருப்பதால் கல் அதன்மேல் நேராக மோதாது. பக்கத்தில் இருக்கும் பெருக்கல் குறி போன்ற பள்ளம் அழகுக்கு அல்ல, கேன் விரிந்து சுருங்க இடம் தருகிறது. மூடி திருகுவது அல்ல, நெம்புகோல்போல் அழுத்திப் பூட்டுவது. அதனால் குலுக்கலில் தானாகக் கழலாது. மேலே மூன்று கைப்பிடிகள். நடுப்பிடியை ஒருவர் பிடித்துத் தூக்கலாம், ஓரப் பிடிகளை இருவர் ஆளுக்கொன்றாகப் பிடித்துச் சுமக்கலாம். வெறும் கேன் நாலரை கிலோ போல இருக்கும். டீசல் நிரப்பினால் 20 கிலோவைத் தாண்டும். ஒற்றையடிப் பாதையில் அதைச் சுமக்கிறவருக்கு அந்த மூன்று பிடிகளின் அருமை தெரியும்.

கடையில் அதே உருவத்தில் மலிவான கேன்களும் கிடைக்கின்றன. உருவத்தை நம்பி வாங்கக் கூடாது. ஒட்டை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா, பூச்சு உரிகிறதா என்று பார்க்க வேண்டும். டீசலுக்கு நாகமுலாம் பூசிய கலன் ஆகாது. நாகம் டீசலோடு சேர்ந்து, பிசுக்காக மாறி, இன்ஜின் இன்ஜெக்டரை அடைக்கும்.

மாக்கம்பாளையம் பாதையில் குரும்பூர் பள்ளம், சர்க்கரைப்பள்ளம் என்று இரண்டு காட்டாறுகள் குறுக்கிடுகின்றன. மழைக்காலச் செய்திகளில் பல ஆண்டுகளாக அடிபடும் பெயர்கள் இவை. மலையில் மழை பெய்தால் வெள்ளம் வடியும்வரை இக்கரையில் காத்திருக்க வேண்டியதுதான். அப்படி நிற்கும் நேரத்தில் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். யாராவது ஒருவர் பீடி பற்றவைப்பார். கசியும் கேனுக்கு மிக மோசமான நேரம் அதுதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போய்விடாமல் ஜீப்பின் தரையிலேயே தங்கும். கோடையில் காய்ந்து கிடக்கும் காட்டில் ஒரு பொறி விழுந்தால், எரிவது ஜீப்போடு நிற்காது.

அதனால்தான் ஆட்களோடு பெட்ரோலை ஏற்றவே கூடாது. பேருந்தில் கொண்டுபோவது சட்டப்படி குற்றம். ஆட்கள் ஏறாத சரக்கு வண்டியில் அனுப்புவதே முறை. டீசல் கேனையும் ஆட்களின் காலடியில் வைக்காமல், பின்பக்க கேரியரில் நிமிர்த்தி, அசையாமல் கயிற்றால் கட்ட வேண்டும். படுக்க வைத்த கேன் இன்றோ நாளையோ கசியத்தான் செய்யும்.

கேன் ஊர் போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. பெரிய கேனில் இருந்து தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றிவைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அது தண்ணீராகத் தெரியும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதைக் குடித்துவிட்டாலும் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இன்னும் பெரிதாகும். உடனே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளம் ஓடும் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஊரில், அந்த ஒரு பாட்டிலுக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எரிபொருள் அதற்கான கேனிலேயே இருக்கட்டும். அடுப்படிக்குத் தள்ளி, நிழலில், பூட்டிய இடத்தில் இருக்கட்டும். பூச்சிமருந்து வந்த கேனை எதற்கும் பயன்படுத்த வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும் என்பதால், மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்துவைக்க வேண்டாம்.

புதுக் கேனை வாங்கியதும் வீட்டிலேயே சோதித்துவிடலாம். காலிக் கேனை இறுக மூடி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிப் பிடித்தால் கசியும் இடத்தில் இருந்து குமிழி வரும். குமிழி வராத கேனைத் துடைத்து, நன்றாகக் காயவைத்து, பிறகு எரிபொருள் ஊற்றலாம். முதல் தடவை நிரப்பியதும் பழைய செய்தித்தாளின் மேல் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்க வேண்டும். காலையில் தாளில் கறை இல்லை என்றால் கேன் மலை ஏறத் தயார்.

அப்படிப் பார்த்து வாங்கிய கேன் கொஞ்சம் கூடுதல் விலைதான். ஆனால், கீழே பிடித்த 19 லிட்டரும் மாக்கம்பாளையத்தில் 19 லிட்டராகவே இறங்கும். விதை மூட்டையில் டீசல் வாசம் இருக்காது. ஜீப்பில் வந்த பிள்ளைகளும் பத்திரமாக வீடு போய்ச் சேர்வார்கள்.