கூவுக்கு முப்பத்தாறு

பாமினி எழுத்துருவில் ‘கூ’ எங்கே இருக்கிறது என்று கேட்டால் என் தலைக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். ஷிப்டை அழுத்திக்கொண்டு 4. அதற்கு இந்தப் பக்கம் 3இல் ‘சூ’, அந்தப் பக்கம் 5இல் ‘மூ’, கொஞ்சம் தள்ளி 7இல் ‘ரூ’. டொலர் குறியின் இடத்தில் ‘கூ’வையும் சதவீதக் குறியின் இடத்தில் ‘மூ’வையும் குடிவைத்த புண்ணியவான் யாரோ, அவரோடு எனக்கு இருபது வருடத்துக்கு மேலாக ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது.

போன மாதம் மகள் டெலிகிராமுக்கு ஒரு ‘பொட்’ எழுதினாள். பொகவந்தலாவைக்கு அடுத்த பஸ் எப்போது என்று கேட்டால் அது பதில் சொல்லும். நேரத்தைச் சொல்லிவிட்டு, ‘கூட்டமாக இருக்கும்’ என்று எச்சரிக்கையும் செய்தது. அந்தக் ‘கூ’ பளிச்சென்று திரையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு எரிச்சலாக இருந்தது. பெற்ற பிள்ளையிடம் பொறாமைப்படக் கூடாதுதான். ஆனால் அதே ‘கூ’வைத் திரைக்குக் கொண்டுவர மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

அது 2003. ஹட்டனில் ஒரு ‘கொமினிகேஷன்’ கடையில் வேலைக்கு நின்றேன். முன்னால் டெலிபோன் பெட்டிகளும் போட்டோகொப்பி மெஷினும். பலகைத் தடுப்புக்குப் பின்னால் இரண்டு கணினிகள். மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கிவிட்டால் கடைக்கு ஆள் வராது. முதலாளியும் சாப்பிடப் போய்விடுவார். அந்த நேரம் எம்ஐஆர்சிக்கு உரியது. ஃபின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் 1988இல் ஒருவர் உண்டாக்கிய ஐஆர்சி என்ற அரட்டை முறைக்குள் நுழைய, காலித் மர்தம்-பே என்பவர் 1995இல் வெளியிட்ட மென்பொருள் அது. அதற்குள் ‘ரிமோட்’ என்றொரு பக்கம் உண்டு. அங்கே நாமே வரிகள் எழுதி அதற்குப் புதுப் பழக்கங்கள் சொல்லிக் கொடுக்கலாம். யாராவது அறைக்குள் வந்தால் இதைச் சொல். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெளியே தள்ளு. நான் இல்லாத நேரத்தில் எனக்குப் பதிலாக நீ பேசு. நான் சொல்வதைக் கேட்கும் ஆள் என்று உலகத்தில் எனக்கு முதன்முதலாகக் கிடைத்தது அதுதான்.

ஒரு சங்கடம். அந்தக் காலத்து எம்ஐஆர்சிக்கு யூனிகோடு தெரியாது; அது முழுமையாக வந்து சேர 2010இல் ஏழாம் பதிப்பு வரவேண்டியிருந்தது. ஆகவே எங்கள் அறைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அரட்டைச் சாளரத்தின் எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் கட்டும் வித்தை. உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். வெளியே தெரிவது ‘அம்மா’. சட்டத்தை மறந்து யாராவது ஆங்கிலத்தில் ஓகே என்று அடித்தால் திரையில் ‘ழம’ என்று வரும். சிரிப்பதற்கு அடிக்கும் எல்ஓஎல், ‘டழட’ என்று வரும். ‘ழம’ எங்களுக்குள் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. அந்த அறையில் பழகிய நண்பன் ஒருவன் இன்றும் தொலைபேசியில் பேச்சை முடிக்கும்போது, “சரிடா, ழம” என்றுதான் வைப்பான். அவன் மனைவி அதைத் தெலுங்கு என்று நினைத்திருந்தாளாம்.

நான் எழுதிய முதல் ஸ்கிரிப்ட் வரவேற்பு. யார் உள்ளே வந்தாலும், ‘வணக்கம். கூட்டத்துக்கு வந்ததற்கு நன்றி. மூன்று நிமிடத்தில் வருகிறேன்’ என்று அது சொல்ல வேண்டும். அது சொன்னதோ, ‘வணக்கம். வந்ததற்கு நன்றி. நிமிடத்தில் வருகிறேன்.’

என்ன நேர்த்தி பாருங்கள். இரண்டு சொல் காணாமல் போயிருக்கிறது, ஆனால் இலக்கணம் குலையவில்லை. படித்தவர் யாருக்கும் குறை தெரியவில்லை. நிமிடத்தில் வருகிறேன் என்றாயே, ஏன் வரவில்லை என்று திட்டு மட்டும் வாங்கினேன். எனக்கே ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. கையால் அடித்தால் கூட்டம் வருகிறது. ஸ்கிரிப்ட் சொன்னால் வரவில்லை. ‘சமூகம்’ வருகிறது, ‘மூன்று’ வரவில்லை. ‘ஊர்க்கூட்டம்’ வருகிறது, ‘கூட்டம்’ வரவில்லை. காரணம் புரியாமலே ஒரு விதியைக் கண்டுபிடித்துக்கொண்டேன்: கூவும் மூவும் சொல்லின் நடுவில் பதுங்கினால் பிழைக்கும், தலை நீட்டினால் போச்சு. அதன்பிறகு கூட்டத்தையெல்லாம் ஊர்க்கூட்டம் ஆக்கினேன். மூன்று நிமிடத்தை ஐந்து நிமிடம் ஆக்கினேன்.

ஆனால் ஆள் எண்ணும் ஸ்கிரிப்டை ஏமாற்ற முடியவில்லை. அறையில் எத்தனை பேர் என்று எண்ணி, அந்த எண்ணைச் சொல்லாக எழுதும் ஒன்றைச் செய்திருந்தேன். ‘அறையில் இரண்டு பேர் இருக்கிறோம்.’ ‘அறையில் நான்கு பேர் இருக்கிறோம்.’ மூன்று பேர் இருந்தால் மட்டும், ‘அறையில் பேர் இருக்கிறோம்.’

இதை வீட்டில் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேர் என்பது அவருக்கு வேறு. தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்தால் அன்றைக்குக் கூலி உண்டு. சொன்ன கிலோ வரவில்லை என்றால் அரைப்பேர். அந்தக் கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். பதினாறு என்பார்கள், பதினெட்டு என்பார்கள். பள்ளிக்கூட லீவில் ஒரு நாள் அம்மாவோடு கொழுந்து மடுவத்துக்குப் போயிருக்கிறேன். மழை நாள். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தராசு முள் பதினெட்டைத் தாண்டி நின்றதை நானே பார்த்தேன். கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமல், ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று என்று முணுமுணுத்தபடி பென்சிலால் எழுதினார். பதினைந்தரை. அரைப்பேர். அம்மா ஒன்றும் சொல்லாமல் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார். நான்தான், “தராசு பதினெட்டுக்கு மேல காட்டிச்சேம்மா” என்று வழி நெடுக நச்சரித்தேன். “தராசா பேர் போடுது?” என்றார். அதோடு சரி.

இப்போது கம்பியூட்டரிலும் பேர் விழவில்லை என்று சொன்னதும், “அங்கயும் கணக்கப்பிள்ள இருக்காரா?” என்று கேட்டார்.

இருந்தார். கனடாவிலிருந்து எங்கள் அறைக்கு வரும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர்தான் அவரைக் காட்டிக் கொடுத்தார். எம்ஐஆர்சியின் மொழியில் டொலர் குறியோடு தொடங்கும் சொல் ஓர் அடையாளம். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் பொருளைத் தேடி எடுத்துவந்து வைக்கச் சொல்லும் கட்டளை. சதவீதக் குறியோடு தொடங்குவது மாறி. என் ‘கூட்டத்துக்கு’ உள்ளே போகும்போது டொலர் குறி போட்டுக்கொண்டு போகிறது. அந்தப் பெயரில் ஓர் அடையாளம் பதிவில் இருக்கிறதா என்று எம்ஐஆர்சி தேடுகிறது. இல்லை. இல்லை என்றால் பிழை என்று கத்தாது, நிறுத்தாது, கேள்வி கேட்காது. அந்த இடத்தில் வெறுமையை வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடும். “தம்பி, கூவுக்கு முப்பத்தாறு போடும், மூவுக்கு முப்பத்தேழு போடும்” என்று ஆங்கில எழுத்தில் தமிழைக் கோர்த்து அனுப்பினார். எழுத்தை எழுத்தாக எழுதாமல் அதன் அட்டவணை எண்ணைக் கொடுத்தால் ஸ்கிரிப்ட் ஏமாந்துவிடும். எங்கள் பக்கத்தில் என்னை யாரும் ‘போடும்’ என்று சொன்னதில்லை. போடு அல்லது போடுங்க. அந்த நடுத்தர மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

பதிவில் இல்லாத அடையாளம் வெறுமை என்பதை எங்கள் வீட்டில் விளங்கிக்கொள்ள கம்பியூட்டர் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தாத்தாவைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றது. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் சனங்கள் 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார்கள். பேர் இருக்கிறோம், ஆனால் எங்கே என்று தெரியாது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது நான் இந்த ஸ்கிரிப்டோடு மல்லுக்கட்டிய அதே 2003இல்தான். சும்மா பொருந்தி வந்த விஷயம், அதற்கு மேல் இதை இழுக்க மாட்டேன்.

அந்த வருடம் கடையில் எனக்கு இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. லயத்துச் சனங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. தமிழ் தட்டச்சுத் தெரிந்தவன் நான்தான். பாட்டியின் பத்திரங்களையும் பிஸ்கட் தகரத்திலிருந்து எடுத்துவந்து பரப்பினேன். எங்கள் பக்கத்தில் மூவில் தொடங்கும் பெயர்களுக்குக் குறைவில்லை. மூக்காயி, மூக்கன், மூர்த்தி. பாட்டியும் அந்த வரிசைதான். அவர் பெயர் ஒரு பத்திரத்தில் குறிலோடு இருந்தது, இன்னொன்றில் நெடிலோடு. சிங்களத்தில் எழுதிய மூன்றாவதை வாசித்துச் சொன்ன தபால் கந்தோர்க்காரர், இது ஆண்பிள்ளைப் பெயர் போல இருக்கிறதே என்றார்.

மகளின் பொட் தந்த எரிச்சலில் பழைய சீடி ஒன்றைத் தேடி எடுத்தேன். அந்த ஸ்கிரிப்ட் அதில் இருந்தது. நோட்பேடில் திறந்தேன். இந்தக் கணினியில் பாமினி இல்லை, ஆகவே வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. விரலால் வாசித்துக்கொண்டு போனேன். வரவேற்பு, ஆள் எண்ணிக்கை, கெட்ட வார்த்தைப் பட்டியல். கடைசியில், முப்பத்தேழு சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்த வரி ஒன்று. சோதிப்பதற்குப் பாட்டியின் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

“என்னப்பா இது, நம்பர்?” என்று மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“பூட்டியோட பேர்” என்றேன்.