முன்னால் வடம், பின்னால் தடி

ராஜபாளையத்தில் லாரி இன்ஜின் வேலை பார்ப்பவர் அவர். டர்போவின் விசில் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். மகன், ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிக் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படிக்கிறான். வீட்டில் நிற்கும் பழைய காரில் டர்போ, சூப்பர்சார்ஜர் இரண்டையும் மாட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. பட்டறைக்கு லேத் வாங்க அப்பா சேர்த்துவைத்த பணத்தின் மேல்தான் அவன் கண்.

“ஒண்ணு போதாதா? ரெண்டு எதுக்குடா?”

மகன் விளக்கினான். இரண்டுமே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பவை. காற்று கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம், பலமும் கூடும். டர்போ, வெளியே போகிற புகையின் வேகத்தில் சுழல்கிறது. வீணாகப் போவதை வைத்தே வேலை. ஆனால், வண்டி மெதுவாகப் போகும்போது புகை போதாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் கொஞ்சம் தயங்கும். சூப்பர்சார்ஜரை இன்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. மிதித்ததும் காற்று வரும். ஆனால், இன்ஜினின் பலத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும்.

அப்பாவுக்கு ஆண்டாள் கோயில் தேர் ஞாபகம் வந்தது. “நின்ன தேரை வடம் மட்டும் நகத்திடுமா? பின் சக்கரத்துக்குத் தடி கொடுத்து நெம்பணும். உருண்டதும் தடி போடுறவன் விலகிடணும்.”

“அதேதாம்ப்பா!”

2005-ல் ஃபோக்ஸ்வாகன், கோல்ஃப் காருக்காகக் கொண்டுவந்த 1.4 லிட்டர் இன்ஜினில், நிமிடத்துக்கு 3,500 சுற்றைத் தாண்டினால் சூப்பர்சார்ஜர் காந்த கிளட்ச் மூலம் விலகிவிடும். மிச்சத்தை டர்போ பார்த்துக்கொள்ளும். அந்தச் சின்ன இன்ஜின் 170 குதிரைசக்தி கொடுத்தது. அதற்கு முன்பே, 1985-ல், லான்சியா டெல்டா எஸ்4 இதே கூட்டணியோடு பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியில் ஜெயித்தது. 2016-ல் இந்தியாவுக்கு வந்த வால்வோ எக்ஸ்சி90 டி8 காரிலும் இரண்டும் உண்டு.

அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். “நம்ம வண்டி பிஸ்டன் தாங்குமா?”

மகனிடம் பதில் இல்லை. அழுத்தம் ஏறினால் சூடும் ஏறும். பெட்ரோல் நேரம் தப்பி வெடித்து நாக்கிங் ஆனால் பிஸ்டன் போய்விடும். அதனால்தான் கார் கம்பெனிகள் பிஸ்டன், காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர், கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்தே வடிவமைத்தன. செலவும் சிக்கலும் அதிகம். டர்போக்கள் தேறி வந்ததும் ஃபோக்ஸ்வாகனே அந்த இன்ஜினை விட்டுவிட்டு, டர்போ மட்டும் உள்ளதற்கு மாறியது.

பட்டறைக்கு லேத்தே வந்தது. காரை அப்படியே விடவும் மகனுக்கு மனசில்லை. இன்ஜினை இறக்கி, உள்ளே என்ன நிலைமை என்று பார்க்கலாம் என்றான். அப்பா மறுக்கவில்லை.

துருப்பிடித்த முதல் போல்ட் அசையவே இல்லை. அப்பா ஸ்பேனரில் ஒரு கை கொடுத்தார். அது இளகியதும் கையை எடுத்துவிட்டு, டீ குடிக்கப் போனார்.