ஜெய்ப்பூரில் மூன்று நாள்

ஆண்டு முடியும் தறுவாயில் அடுத்த ஆண்டிற்கான விடுமுறைப் பட்டியல் அலுவலகத்திற்கு வந்து சேர்ந்ததும், நம்மில் பலர் முதலில் தேடுவது பொங்கலையோ தீபாவளியையோ அன்று. எந்த விடுமுறை வெள்ளியிலோ திங்களிலோ விழுகிறது என்பதைத்தான். சனி, ஞாயிறோடு மற்றொரு நாள் ஒட்டிக்கொண்டால் மூன்று நாள் கிடைக்கும். ஊருக்குப் போய்வர அது போதாது. போவதற்கே இரண்டு இரவு கழிந்துவிடும். ஈட்டிய விடுப்பு முழுவதும் கோடைக்கும் ஊர்த் திருமணங்களுக்கும் சரியாகப் போய்விடுகிறது. ஆகவே, தில்லிவாழ் தமிழன் உலகைக் காண்பதற்கென்று எஞ்சுவது இத்தகைய மூன்று நாட்களே.

2023ஆம் ஆண்டில் காந்தியடிகள் பிறந்தநாள் திங்கட்கிழமையில் வந்தது. அதற்கு முன்னைய சனிக்கிழமை காலை நாங்கள் மூன்று குடும்பத்தார், பதினொரு பேர், ஜெய்ப்பூர் நோக்கி இரயிலேறினோம். எங்கள் குடும்பம் ஒன்று. ஒரே வரிசைக் குடியிருப்பில் வசிக்கும் தஞ்சை நண்பர் குடும்பம் மற்றொன்று. மூன்றாவது, நாங்கள் அனைவரும் ‘அண்ணாச்சி’ என்றழைக்கும் திருநெல்வேலிப் பெரியவர் குடும்பம். அண்ணாச்சிக்கு அவ்வக்டோபர் இறுதியோடு பணி ஓய்வு. 1987இல் தில்லிக்கு வந்தவர். முப்பத்தாறு ஆண்டுகள் ஒரே அமைச்சகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவர். ஓய்வுக்குப்பின் தில்லியிலேயே தங்குவதா, அம்பாசமுத்திரம் பக்கத்திலுள்ள சொந்த ஊருக்குத் திரும்புவதா என்னும் கேள்விக்கு அன்றுவரை அவர் விடை கூறவில்லை. நாங்களும் வற்புறுத்திக் கேட்கவில்லை. கேட்டால் விடை வந்துவிடுமே என்ற அச்சம்தான்.

இவ்வச்சம் புலம்பெயர்ந்து வாழ்வோர்க்குப் புரியும். தில்லியில் நமக்கு அத்தையும் மாமனும் ஏது? பிரசவத்தின்போது மருத்துவமனை வாயிலில் விடிய விடிய நின்றவர் அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு உயிரெழுத்தை அரிசியில் எழுதிக் காட்டியவர் மதினி. மலை மந்திரில் காது குத்தியபோது மடியில் வைத்துக்கொண்டவரும் அவரே. எங்கள் பிள்ளைகள் தமக்குள் இந்தியில் பேசிக்கொண்டாலும், அவ்வீட்டு வாயிற்படி ஏறியதும் “பெரியம்மா” என்று தமிழுக்கு மாறிவிடுவர்.

இரயிலில் புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தீர்வதற்குள் ஜெய்ப்பூர் வந்துவிட்டது. பழைய நகரத்தின் கடைத்தெருக்களில் மாலை முழுவதும் நடந்தோம். இளஞ்சிவப்பு நகரம் என்கிறார்கள். எங்கள் கண்ணுக்கு அது செம்மண் நிறமாகவே பட்டது. 1876இல் இங்கிலாந்து இளவரசரின் வருகைக்காக நகரெங்கும் இவ்வண்ணம் பூசப்பட்டதாம். ஆனால், அண்ணாச்சியை நிறுத்தியது வண்ணமன்று, தெருக்களின் ஒழுங்கு. 1727இல் இரண்டாம் சவாய் ஜெய்சிங் அடித்தளமிட்ட இந்நகரம், சதுரக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டு நேர்த் தெருக்களோடு எழுந்தது. திட்டமிட்டுத் தந்தவர் வித்யாதர் பட்டாச்சாரியா. அவர் வங்காள வழிவந்தவர் என்பதையும், ஆமேர் அரசின் கணக்குப் பிரிவில் சிறு பதவியில் இருந்தவர் என்பதையும் வழிகாட்டி கூறியபோது அண்ணாச்சி வாய்விட்டுச் சிரித்தார்.

“கேட்டீரா? நம்மைப்போல வெளியூர் வழி வந்தவர், அதிலும் கணக்கர்! ஒரு நகரத்தையே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் எழுதியது எல்லாம் குறிப்புரைதான்.”

“உங்கள் குறிப்புரையால் எத்தனை பேருக்கு ஓய்வூதியம் கிடைத்தது, அண்ணாச்சி” என்றார் தஞ்சை நண்பர். அது புகழ்ச்சியன்று, உண்மை. அண்ணாச்சி பதில் கூறாமல் நடந்தார்.

மறுநாள் அரண்மனையில் இரண்டு பெரும் வெள்ளிக் கொப்பரைகளைக் கண்டோம். ஒவ்வொன்றும் 300 கிலோவுக்கு மேற்பட்ட எடை; ஆள் உயரத்திற்குச் சற்றே குறைவு. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவிற்காக இலண்டன் சென்ற இரண்டாம் மாதோசிங் மன்னர், அந்நிய நாட்டுத் தண்ணீரைத் தொட மனமின்றி, கங்கை நீரைக் கப்பலில் உடன்கொண்டு சென்றாராம். பிள்ளைகள் நகைத்தனர். மதினி மட்டும் நகைக்கவில்லை. ஒவ்வொரு முறை ஊர் சென்று திரும்பும்போதும் தாமிரபரணித் தண்ணீரைத் தூக்குவாளியில் கொண்டுவந்து ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பவர் அவர்.

“பாவம், அவருக்கு ஊரில் இருந்ததெல்லாம் வெள்ளி, எனக்கு எவர்சில்வர். மற்றபடி இரண்டு பேரும் ஒன்றுதான்” என்றார்.

அரண்மனையை அடுத்துள்ளது ஜந்தர் மந்தர். அதே பெயருடைய தில்லி வானாய்வுக்கூடத்தை நாமெல்லாம் அறிவோம். அதையும் ஜெய்சிங்கே கட்டினார். 2017இல் தமிழக விவசாயிகள் போராடியது அதனருகேதான். தில்லிக் கருவிகளை இன்று உயர்ந்த கட்டடங்கள் மறைத்துவிட்டன. ஜெய்ப்பூரிலோ நிழல் தடையின்றி விழுகிறது. ஏறத்தாழ 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரம் என்னும் நிழற்கடிகாரம், சாய்ந்த சுவராக வானை நோக்கி நிற்கிறது. அதன் நிழல் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் நகர்வதால், காலம் செல்வதைக் கண்ணால் காணலாம். பிள்ளைகள் நிழலின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு அது தாண்டிச் செல்வதைக் கண்டு வியந்தனர்.

அப்போது தஞ்சை நண்பரின் மகன் தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, நிழற்கடிகாரம் ஏறத்தாழ பதினேழு நிமிடம் பின்தங்கியிருப்பதாகக் கூறினான். வழிகாட்டி பொறுமையோடு விளக்கினார். நம் கைக்கடிகாரம் காட்டுவது இந்திய நாடு முழுவதற்கும் வகுத்த பொது நேரம்; அது 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே இருப்பதால் இங்கே கதிரவன் உச்சிக்கு வரக் காலம் தாழ்கிறது. அதனோடு, ஆண்டில் அந்தந்த நாளுக்குரிய திருத்தத்தையும் கூட்டிக் கழித்தால் கணக்கு நேராகிவிடும்.

“அப்படியானால் எது சரியான நேரம்?” என்றான் சிறுவன்.

“இரண்டும் சரிதான் தம்பி. இது இந்த இடத்து நேரம், அது எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட நேரம்” என்று மொழிபெயர்த்துக் கூறினார் அண்ணாச்சி. கூறியவர், நெடுநேரம் அப்படிக்கட்டின் கீழேயே நின்றார்.

அன்றிரவு விடுதியின் மொட்டைமாடியில் அமர்ந்திருந்தோம். பிள்ளைகள் உறங்கிவிட்டனர். அண்ணாச்சியே பேச்சைத் தொடங்கினார்.

“முப்பத்தாறு ஆண்டும் தில்லியில் இருந்துகொண்டு ஊர் நேரத்தையே மனத்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம். இப்போது அங்கே கொடியேறியிருக்கும், இப்போது அறுவடை நடக்கும் என்று. ஊருக்குப் போனபின் தில்லி நேரம் ஓடத் தொடங்கிவிடுமோ என்றுதான் பயம்.”

தஞ்சை நண்பர் தில்லியிலேயே தங்குமாறு வாதாடினார். மகள் குருகிராமத்தில் பணிபுரிகிறாள். மருத்துவ வசதி அருகில் இருக்கிறது. ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள்? அவர் கூறிய யாவும் நியாயமே. எங்கள் தன்னலமும் அதில் கலந்திருந்ததை நாங்கள் அறிவோம்.

எல்லாவற்றையும் கேட்ட மதினி, “எங்கே இருந்தாலும் ஒரு பக்கம் வெறிச்சென்றுதான் இருக்கும். அந்த வெறுமையை எங்கே உட்கார்ந்து தாங்குவது என்பதுதான் கேள்வி. ஆற்றங்கரையில் என்றால் எனக்குக் கொஞ்சம் தாங்கும்” என்றார். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

மூன்றாம் நாள் ஆமேர் கோட்டைக்குச் சென்றோம். ஜெய்ப்பூர் பிறப்பதற்கு முன் தலைநகராக விளங்கிய இடம் அது. மக்கள் பெருகித் தண்ணீர் போதாமற் போகவே, ஜெய்சிங் சமவெளியில் புதுநகர் கண்டார் என்பர். தலைநகரம் இறங்கிச் சென்றபின்னும், வங்காளத்திலிருந்து வந்த சிலாதேவியின் கோயிலில் வழிபாடு இன்றும் நடைபெறுகிறது. அங்கு வணங்கி வெளியே வந்ததும் அண்ணாச்சி கூறினார்: “ஊருக்கே போகிறோம். ஒன்று மட்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது நீங்கள் வரவேண்டும்.”

குடியிருப்பை ஒப்படைத்துவிட்டு அவர்கள் புறப்பட்ட நாளில், நிசாமுதீன் நிலையத்தில் பேசுவதற்கு எவரிடமும் சொல் இல்லை. தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடியை மதினி எங்களிடம் விட்டுச் சென்றார். தில்லிக் குளிருக்கு அதை வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும் என்று வண்டி நகரும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

2024 கோடையில் நாங்கள் அவ்வூருக்குச் சென்றோம். தாமிரபரணியில் குளித்து எழுந்த எங்கள் மகளிடம், கரையிலிருந்த மூதாட்டி ஒருவர், “அண்ணாச்சி உனக்கு எந்த வழியில் பெரியப்பா?” என்று வினவினார். அவள் சற்றும் தயங்காமல், “தில்லி வழியில்” என்றாள். மூதாட்டிக்கு அது விளங்கியதோ இல்லையோ, தலையை அசைத்து ஏற்றுக்கொண்டார்.

அண்ணாச்சி இருந்த வீட்டிற்கு இப்போது திண்டுக்கல் பக்கத்து இளங்குடும்பம் ஒன்று வந்திருக்கிறது, கைக்குழந்தை உண்டு. 2025இல் விடுதலை நாள் வெள்ளிக்கிழமையில் வந்தபோது, அவர்களையும் அழைத்துக்கொண்டு ஆக்ரா சென்றோம். சங்கத்து அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுவே: இத்தகைய பயணங்களுக்குப் புறப்படும்போது, அண்மையில் குடிவந்த தமிழ்க் குடும்பம் ஒன்றிற்கும் சேர்த்து இரயில் சீட்டு எடுங்கள். அவர்களுக்குத் தில்லியில் இன்னும் ஒரு பெரியப்பா கிடைத்திருக்கமாட்டார்.