380க்கும் 540க்கும் நடுவே

சூரிய மின்நிலையத்துக்குள் எரிவாயு உலை எதற்கு? இந்தக் கேள்வியோடுதான் ஷம்ஸ்-1 பார்க்கப் போனேன். அபுதாபி நகரத்திலிருந்து தென்மேற்கே 120 கிலோமீட்டரில் மதீனத் சாயித். அதை ஒட்டிய பாலைமணலில் இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்குக் கண்ணாடிகளை நிறுத்தியிருக்கிறார்கள். அபுதாபியின் மஸ்தார், பிரான்ஸின் டோட்டால், ஸ்பெயினின் அபெங்கோவா மூன்றும் கூட்டாகச் சுமார் 60 கோடி டாலர் செலவில் கட்டியது. 2013 மார்ச்சில் திறந்தார்கள். 100 மெகாவாட். செய்திகளிலெல்லாம் சூரிய மின்நிலையம் என்றே வந்தது. எரிவாயு உலையைப் பற்றி அங்கே வெல்டிங் வேலை பார்க்கும் துவாக்குடி அண்ணன் ஒருவர் போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர் நெய்வேலிக்காரர். பழுப்பு நிலக்கரி பாய்லரோடு பல வருடம் கிடந்துவிட்டு வளைகுடாவுக்கு வந்தவர். என் கேள்விக்குப் பதிலாக ஒரு தாளை எடுத்து இரண்டு எண்களை எழுதினார். கீழே 380, மேலே 540. "இதுக்கு நடுவுல இருக்கறதுதான் சார் கேஸோட வேலை" என்றார்.

விஷயம் இதுதான். கண்ணாடிகள் தொட்டி வடிவத்தில் வளைந்தவை. காலையில் கிழக்கே பார்த்து, மாலையில் மேற்கே சாய்ந்து, நாள் முழுக்கச் சூரியனோடு திரும்புகின்றன. கண்ணாடியில் பட்ட வெயில் முழுவதும் அதன் நடுக்கோட்டில் ஓடும் ஒரு குழாயில் குவிகிறது. குழாய்க்குள் ஓடுவது செயற்கை எண்ணெய். அது கிட்டத்தட்ட 400 டிகிரி வரை சூடாகி, ஆலைக்குப் போய், தண்ணீரைக் கொதிக்கவைத்து 380 டிகிரி நீராவியாக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. இதற்கு மேல் சூடாக்கினால் எண்ணெய் சிதைந்துவிடும். சூரியனால் முடியாது என்றில்லை, எண்ணெயால் தாங்க முடியாது.

டர்பைனோ இன்னும் சூடான நீராவியைக் கேட்கிறது. சூடு கூடினால் அதே நீராவியில் கூடுதல் மின்சாரம் எடுக்கலாம். தேய்மானக் கணக்கும் ஒன்று உண்டு. சூடு போதாத நீராவி டர்பைனுக்குள் விரிந்து குளிர்ந்து, கடைசி வரிசை பிளேடுகளுக்கு வருவதற்குள் துளித்துளியாகத் தண்ணீராகிவிடும். "அந்த வேகத்துல ஒரு சொட்டுத் தண்ணி உளி மாதிரி சார். பிளேடு ஓரத்தைச் செதுக்கி எடுத்துரும்" என்றார் நெய்வேலிக்காரர். அதனால் 380 டிகிரி நீராவியை எரிவாயு உலை வழியாக ஓட்டி 540க்கு ஏற்றி டர்பைனுக்கு அனுப்புகிறார்கள். பூஸ்டர் ஹீட்டர் என்கிறார்கள் அதை. தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்குவதுதான் வெப்பத்தை அதிகம் தின்னும் வேலை. அந்தப் பெரும்பங்கைச் சூரியன் முடித்துவிடுகிறது. எட்டாத கடைசிப் படிக்கு மட்டும் எரிவாயு.

தாளில் இது இரண்டு எண். நடைமுறையில் எப்படி என்று அடுத்த நாள் காலையில் பார்த்தேன்.

ஜனவரி மாதம். விடியலில் பாலை முழுவதும் பனிமூட்டம். முன்வரிசைக் கண்ணாடிகூட மங்கலாகத்தான் தெரிந்தது. சூரியத் தகடாக இருந்தால் மூட்டத்தில் சிதறி வரும் ஒளியிலும் கொஞ்சம் மின்சாரம் எடுத்துவிடும். வளைந்த கண்ணாடிக்கு நேர்க்கதிர் வேண்டும், சிதறிய ஒளியைக் குவிக்க அதனால் ஆகாது. கட்டுப்பாட்டு அறையில் ஐந்தாறு பேர் திரையைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள். நேர்க்கதிர் அளவைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மூட்டம் கிழியத் தொடங்கியதும் அந்தக் கோடு விறுவிறுவென்று ஏறியது. தேநீர்க் கோப்பைகள் மேசைக்குப் போயின.

அங்கே 768 கண்ணாடித் தொட்டிகள். நான்கு நான்காகச் சேர்த்து ஒரு சுற்று, மொத்தம் 192 சுற்றுகள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெயிலுக்குக் காட்டிவிடுவதில்லை. எண்ணெய் நிதானமாகச் சூடேற வேண்டும், அதற்குப் பின்னால் நீராவிக் குழாய், அதற்கும் பின்னால் டர்பைன். கனத்த இரும்பு அவசரமாகச் சூடானால் உள்பக்கம் ஒரு அளவு, வெளிப்பக்கம் ஒரு அளவு விரிந்து விரிசல் விடும். சுற்று சுற்றாகக் கண்ணாடியைத் திருப்பி, எண்ணெய் சூட்டைப் பார்த்து, நீராவி ஓட்டம் நிலைத்த பிறகுதான் பூஸ்டரைப் பற்றவைத்தார்கள்.

மின்சாரம் ஓடத் தொடங்கிய பிறகு மூட்டத்தின் ஒரு துண்டு கண்ணாடிகளின் மேல் திரும்பி வந்தது. நேர்க்கதிர்க் கோடு சட்டென்று விழுந்தது. யாரும் பதறவில்லை. எண்ணெயில் தேங்கியிருக்கும் சூடு சில நிமிடங்களுக்குத் தாக்குப்பிடிக்கும். ஆனால் நெய்வேலிக்காரரின் கண் எண்ணெயைவிட நீராவி ஓட்டத்திலேயே இருந்தது. ஓட்டம் குறையக் குறைய உலையின் தீயையும் இறக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஏன் என்று கேட்டேன். பூஸ்டர் உலையில் தீயின் சூட்டை வாங்கி எடுத்துக்கொண்டு போவது குழாய்க்குள் ஓடும் நீராவிதான். குழாயைக் குளிர்விப்பதும் அதுவே. நீராவி குறைந்து தீ மட்டும் பழைய அளவில் எரிந்தால் குழாயே பழுத்துவிடும்.

"நெய்வேலியில நெருப்பு நம்ம கையில இருந்துச்சு. கரியைக் கூட்டினா நீராவி கூடும், குறைச்சா குறையும். இங்க நீராவி வானத்தைப் பாத்து வருது. நெருப்பு அதுக்குப் பின்னாடிதான் போகணும். இந்த ஒண்ணைப் பழகத்தான் சார் எனக்கு நாளாச்சு."

அவர் சொன்னதில் இந்தத் தொழிலின் மையம் இருக்கிறது. நூறு வருடங்களுக்கு மேலாக அனல்மின் நிலையத்தில் தீ முதலாளி, நீராவி கூலியாள். கலப்பு ஆலையில் அந்த வரிசை மாறுகிறது. பாய்லர், வால்வு, டர்பைன் எல்லாம் பழையவையே. பழைய கைகளுக்குத்தான் புதுப் பழக்கம் வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுப்பாட்டு அறைக்கு வேலை வைப்பது வானம் மட்டுமில்லை, தூசியும்தான். ஒரு தொட்டியில் 336 கண்ணாடிகள், ஆக 2,58,048 கண்ணாடிகள். பாலைக்காற்று நின்ற பிறகும் நுண்தூசி இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் பனி படிந்தால் சேற்றுக் கோலமாக வழிந்து காய்ந்துவிடும். அன்றிரவு கழுவும் லாரியோடு போனேன். ஓட்டுநர் பெஷாவர்காரர், உதவிக்கு ஒரு நேபாளத் தம்பி. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியே எங்கள் மூவருக்கும் பொதுமொழி. உப்பு நீக்கிய தண்ணீர்தான் பயன்படுத்துகிறார்கள். சாதாரணத் தண்ணீர் காய்ந்தால் உப்புத் திட்டு நிற்கும். பகலில் கழுவினால் வெயில் வீணாகும். சூடான கண்ணாடிக் குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசலும் விடலாம். அதனால் இரவில்தான் வேலை. வரிசைக்கும் லாரிக்கும் நடுவே கையை நீட்ட முடியாத இடைவெளியில், விளக்கு வெளிச்சத்தில், ஸ்டியரிங்கை நூல் பிடித்தது போல் வைத்துக்கொண்டு ஓட்டினார் பெஷாவர்காரர். நேபாளத் தம்பி பின்னால் திரும்பித் தண்ணீர் படாத இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான்.

இரவில் கண்ணாடிகளுக்கு ஓய்வு உண்டு, எண்ணெய்க்கு இல்லை. 12 டிகிரியில் அது உறைந்துவிடும். குளிர்காலப் பாலை இரவு அதற்குப் பக்கத்தில் வரக்கூடியது. நாங்கள் கழுவிக்கொண்டு போன வரிசைகளுக்குள் பம்புகள் எண்ணெயை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தன. லாரி நின்ற நேரத்தில் குழாயில் அந்த ஓட்டம் லேசாகக் கேட்டது.

துவாக்குடி அண்ணனின் வேலையைப் பார்க்க மறுநாள் வாய்த்தது. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையைச் சுற்றி பாய்லர் பாகம் செய்யும் பட்டறைகள் ஏராளம். அவற்றில் ஒன்றில் கைபழகியவர் அவர். அந்த வட்டாரத்து வெல்டர்களை வளைகுடாவில் எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலும் பார்க்கலாம்.

சூடு வாங்கும் குழாய் ஒவ்வொன்றும் நான்கு மீட்டர் நீளம். ஒரு தொட்டிக்கு 36 வீதம் இந்த ஆலையில் 27,648 குழாய்கள். உள்ளே எஃகுக் குழாய், வெளியே கண்ணாடி உறை, இரண்டுக்கும் நடுவே வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் குழாயின் சூடு காற்றில் போகாமல் காக்கிறது. உறையின் முனையில் காசளவு வெள்ளிப் பூச்சு ஒன்று இருந்தது. அண்ணன் விரலால் காட்டினார். "இது பளபளன்னு இருந்தா உள்ள நல்லாயிருக்குன்னு அர்த்தம். காத்துப் புகுந்துட்டா சுண்ணாம்பு மாதிரி வெளுத்துரும். அப்புறம் குழாயை மாத்த வேண்டியதுதான் தம்பி." பக்கத்துக் குழாயில் அந்தப் பூச்சு வெளுத்துக் கிடந்தது.

அதைத்தான் மாற்றினார்கள். அந்தத் தொட்டியை வெயிலுக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினார்கள். எண்ணெயை முன்பே வடித்தாகிவிட்டது, தீ வேலைக்கான பெர்மிட்டும் கையெழுத்தாகி வந்தது. இருந்தும் வெட்டிய வாயிலிருந்து மருந்து வாடை மூக்கில் ஏறியது. எரியக்கூடிய எண்ணெய் என்பதால் குழாய் வாயைத் துடைத்து, மோந்து பார்த்து, கருவி வைத்து அளந்து, பிறகும் ஒருமுறை துடைத்தார் அண்ணன். பழைய குழாயை அறுத்து இறக்கி, புதியதைத் தூக்கிப் பொருத்தி, முனைகளைச் சரித்துச் சீவி, உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பினார்கள். உள்பக்கத்தில் காற்று இருந்தால் வெல்டிங்கின் அடிப்பக்கம் கருகிப் போகும். இரு பக்கமும் கண்ணாடி உறை இருந்ததால் தீப்பொறி படாமல் தீக்காப்புத் துணி சுற்றினார்கள்.

முதல் ஓட்டம் போடும்போது அவர் மூச்சுவிடுகிறாரா என்றே தெரியவில்லை. குழாயின் அடிப்பக்கத்துக்குக் கீழே மல்லாந்து படுத்து, பின்னால் தெரியாத இடத்துக்கு உள்ளங்கையளவு கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே வெல்டிங் கம்பியை ஊட்டினார். பாய்லரில் நெருக்கமான குழாய்களுக்கு நடுவே வேலை செய்யப் பட்டறையில் சொல்லித்தரும் வித்தை அது. கண்ணாடியில் பார்த்தால் கை போகும் திசை தலைகீழாகத் தெரியும். வெளியே வந்து முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தார். "பட்டறையில கைக்கு ஒரு கண்ணாடிதான் குடுத்தாங்க. இங்க ஊரே கண்ணாடி."

வெயிலால் நீராவி எடுப்பது புதுச் சிந்தனை இல்லை. 1913இல் எகிப்தின் மஆதியில் அமெரிக்கரான ஃபிராங்க் ஷூமன் இதே போல் வளைந்த கண்ணாடித் தொட்டிகள் ஐந்தை வைத்து நீராவி எடுத்து நைல் நதித் தண்ணீரை இறைத்துக் காட்டினார். அடுத்த வருடமே உலகப் போர், பிறகு மலிவான பெட்ரோலியம். அந்த முயற்சி அப்படியே அமுங்கிப்போனது. 1984இல் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலையில் லூஸ் நிறுவனம் தொட்டிக் கண்ணாடி ஆலைகளைக் கட்டத் தொடங்கியபோது, முதல் ஆலையிலேயே கடைசிச் சூட்டை ஏற்ற எரிவாயுதான் வந்தது. 1990க்குள் ஒன்பது ஆலைகள், 354 மெகாவாட். எரிவாயு கால்பங்குக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் வரம்பு வைத்தது.

நிலக்கரி ஆலையில் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். அங்கே கரி முதன்மை, பாய்லருக்குப் போகும் தண்ணீரை முன்கூட்டிச் சூடாக்குவது போன்ற துணைவேலை சூரியனுக்கு. அமெரிக்காவின் கொலராடோவில் 2010இல் சோதித்தார்கள். அந்த நிலக்கரி நிலையமே அந்த வருடக் கடைசியில் மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கோகன் க்ரீக்கில் 44 மெகாவாட் அளவுக்குத் திட்டம் போட்டுத் தொடங்கி 2016இல் கைவிட்டார்கள்.

ஷம்ஸ்-1க்கும் போட்டி வந்துவிட்டது. அபுதாபியிலேயே ஸ்வைஹானில் 1,177 மெகாவாட் சூரியத் தகடு நிலையம் 2019இல் ஓடத் தொடங்கியது. பகல் மின்சாரத்தில் தகட்டின் விலையோடு கண்ணாடியும் குழாயும் மோத முடியாது. ஆகவே துபாய் வேறு வழியில் போனது. அதன் பாலைவன வளாகத்தில் 2023 டிசம்பரில் 700 மெகாவாட் வெப்பவழி மின்நிலையத்தைத் திறந்தார்கள். பகல் சூட்டை உருகிய உப்பில் தேக்கி இரவில் நீராவி எடுக்கிறார்கள். மூட்டத்தைச் சமாளிப்பதும் அந்தி தாண்டி ஓட்டுவதும் அங்கே உப்பின் வேலை.

எரிவாயு கலந்ததால் இது சூரிய மின்நிலையமே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. போவதற்கு முன் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பார்த்த பிறகு நான் வேறு கேள்வி கேட்பேன். எரிகிற எரிவாயு எந்தப் படியில் எரிகிறது? தண்ணீரைக் கொதிக்கவைக்க எரித்தால் அது சூரியனின் வேலையைப் பறிக்கிறது. 380க்கு மேல் எரித்தால் சூரியன் ஏற்கெனவே கொடுத்த வெப்பத்திலிருந்து கூடுதல் மின்சாரத்தைக் கறக்கிறது. இந்தக் கணக்கை வெளிப்படையாக வைக்கும் ஆலையைக் குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை. நிலக்கரிப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் அலங்காரத்துக்கு நான்கு கண்ணாடி நிறுத்தினால் நிச்சயம் குறைசொல்வேன்.

இன்னொன்றும் தோன்றியது. நிலக்கரி ஆலைகள் மூடும் காலம் வரும்போது அங்கிருக்கும் கைத்திறன் என்னாகும் என்ற பேச்சு நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் எழத்தான் போகிறது. சூரியத் தகடு நிலையத்தில் பாய்லர் ஆளுக்கு வேலை இல்லை. நீராவி வழியாகப் போகும் சூரிய ஆலையில் அவர் இல்லாமல் வேலை இல்லை. அண்ணனிடம் இதைச் சொல்லி, துபாய் உப்பு ஆலைப் பக்கம் போவீர்களா என்று கேட்டேன். கூப்பிட்டால் போவேன் என்றார்.

"அங்கயும் குழாய்தானே தம்பி. உள்ள வெயில் சூடு ஓடுதா, கேஸ் சூடு ஓடுதான்னு எக்ஸ்ரேக்குத் தெரியாது. ஓட்டை இருக்கா இல்லையான்னுதான் பாப்பாங்க."

அன்று அவர் போட்ட இணைப்புகளின் எக்ஸ்ரே படம் மாலையில் வந்தது. ஓட்டை இல்லை.